வரவு வந்த வழியே செலவும் போகும்

சென்னையின் தென்புறத்தில் பல்லாவரம் முதல் காட்டாங்கொளத்தூர் வரை நீளும் ஜி.எஸ்.டி. சாலையும் அதிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளும் தமிழ்நாட்டில் உயர்கல்வி நிறுவனங்கள் மிக அடர்ந்துள்ள பகுதிகளுள் ஒன்றாகும். பல்லாவரத்தில் வேல்ஸ், குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யும் வைணவ மகளிர் கல்லூரியும், சேலையூரில் பாரத், தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, வண்டலூரில் கிரசன்ட், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் எனப் பட்டியல் நீள்கிறது. இந்நிறுவனங்கள் அனைத்திலும் மைதானம் உண்டு, அணிகள் உண்டு, கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியும் உண்டு. ஆனால் மாணவர்கள் ஆடும் ஆட்டத்திற்கு நுழைவுச் சீட்டு விற்று இயங்கும் நிறுவனம் ஒன்றுகூட இல்லை. இவற்றின் கணக்கேட்டில் விளையாட்டு என்பது செலவுப் பக்கத்தில் மட்டுமே எழுதப்படும் இனம்.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை, பெரும்பாலும் ஒரே ஆட்டத்தின் வருவாயைக் கொண்டு, பல கோடி டாலர் புழங்கும் தனி நிறுவனம்போல் இயங்குகிறது. அந்த ஆட்டம் நம் ஊர்க் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியை மோதித் தள்ளி முன்னேறும் அமெரிக்கப் பந்தாட்டம். அதில் குவியும் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியையும், நம் மாணவர்கள் ஆண்டுதோறும் செலுத்தும் விளையாட்டுக் கட்டணம் எங்கே போகிறது என்ற கேள்வியையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் பொதுவான ஓர் உண்மை புலப்படும்: விளையாட்டுக்கான பணம் எந்த வழியாக உள்ளே வருகிறதோ, அந்த வழியே அது வெளியேறும் திசையையும் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது.

அமெரிக்கப் பணத்தின் ஊற்று

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான முதல் பந்தாட்டப் போட்டி 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே நடந்தது. ஆட்டத்தில் மாணவர்கள் இறப்பதும் படுகாயமடைவதும் பெருகியதைத் தொடர்ந்து, விதிகளை வகுப்பதற்காக 1906-இல் ஓர் அமைப்பு தோன்றியது; பின்னாளில் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறிய அவ்வமைப்பே இன்றும் கல்லூரி விளையாட்டை மேற்பார்வையிடுகிறது. நெடுங்காலம் எந்தப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்பதையும் அதுவே முடிவு செய்துவந்தது. அந்தக் கட்டுப்பாடு வணிகப் போட்டியைத் தடுக்கிறது என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பல்கலைக்கழகங்கள் தங்கள் ஒளிபரப்பு உரிமையைத் தாங்களே கூட்டாக விற்கத் தொடங்கின. ஒரே வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட, ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளே இன்று இந்த விற்பனையின் மையம். பிக் டென் என்ற கூட்டமைப்பு 2022-இல் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல்; ஆண்டு முடிவில் நடக்கும் சாம்பியன் சுற்றை மட்டும் ஒளிபரப்ப இ.எஸ்.பி.என். நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டுள்ளது.

ஒளிபரப்புப் பணத்துடன் நுழைவுச் சீட்டு விற்பனை, பழைய மாணவர்களின் நன்கொடை, விளம்பர ஒப்பந்தம், பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த சட்டைகளின் விற்பனை ஆகியவையும் சேர்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை 2023-24 நிதியாண்டில் ஈட்டிய வருவாய் 33 கோடி டாலரை ஒட்டியது.

எங்கே போகிறது அந்தப் பணம்?

இவ்வளவு வருவாயும் நூலகத்திற்கோ ஆய்வுக்கூடத்திற்கோ போகிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அதன் மிகப் பெரும்பகுதி விளையாட்டுத் துறைக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. இதற்கான காரணத்தைப் பொருளியலாளர்கள் எளிதாக விளக்குகிறார்கள். அத்துறைக்கு லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பங்குதாரர் இல்லை; அண்மைக்காலம் வரை ஆடும் மாணவருக்குச் சம்பளம் தரவும் விதி அனுமதிக்கவில்லை. ஆகவே, வந்த பணத்தை அடுத்த ஆண்டும் வெற்றியைக் கொண்டுவரக்கூடியவர்கள்மீதும் கட்டடங்கள்மீதும் கொட்டுவதைத் தவிர வேறு வடிகால் இல்லாமல் போயிற்று.

முதல் வடிகால் பயிற்சியாளரின் ஊதியம். முன்னணி அணிகளின் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டுக்கு 1 கோடி டாலர் வாங்குவது இப்போது அரிதன்று. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அரசிடம் மிக அதிக ஊதியம் பெறுபவர் ஆளுநரும் அல்லர், மருத்துவமனைத் தலைவரும் அல்லர், ஒரு பல்கலைக்கழகப் பயிற்சியாளரே. தோற்றாலும் அவருக்கு இழப்பில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை ஒப்பந்தக் காலம் முடியுமுன் நீக்கியபோது, அவருக்கு வழங்க ஒப்புக்கொண்டிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேற்பட்டது. தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர்கள், உடற்தகுதி வல்லுநர், உணவியலாளர், ஆட்டக் காணொளிகளை அலசுபவர், புதிய மாணவர்களைத் தேடிப் பிடிப்பவர் என நீளும் பட்டியலையும் சேர்த்தால், பெரிய துறைகளில் மொத்தச் செலவின் மூன்றில் ஒரு பங்கு ஊதியமாகவே போய்விடுகிறது.

இரண்டாவது வடிகால் கட்டடம். அரங்கை விரிவாக்க வாங்கிய கடனுக்கான தவணை, அதன் பராமரிப்பு, வீரர்களுக்கான தனி உணவுக்கூடம், உள்ளரங்கப் பயிற்சித் திடல் ஆகியவை மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும். மாணவர்களுக்குத் தரப்படும் கல்வி உதவித்தொகை இவ்விரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது.

மூன்றாவது வடிகால் மற்ற விளையாட்டுகள். பெரும்பாலான துறைகளில் ஆண்கள் பந்தாட்டமும் கூடைப்பந்தும் மட்டுமே வரவு தருபவை. நீச்சல், டென்னிஸ், துடுப்புப் படகு, ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் கால்பந்து முதலியவை அவ்வரவால் உயிர்வாழ்பவை. கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடை செய்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது ‘டைட்டில் ஒன்பது’ என்று அறியப்படும் பிரிவு, பெண்களுக்கும் நிகரான வாய்ப்பைத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதால், ஆண்கள் பந்தாட்டத்தின் பணத்தில் பெண்கள் அணிகள் வளர்ந்தன. அமெரிக்கப் பெண்கள் ஒலிம்பிக்கில் குவிக்கும் பதக்கங்களுக்குப் பின்னால் இந்தச் சட்டத்தின் பங்கு பெரிது.

நான்காவதாக, பெரிய பல்கலைக்கழகம் சிறியதற்குத் தரும் விசித்திரமான ஒரு கட்டணமும் உண்டு. தன் அரங்குக்கு வந்து ஆடிவிட்டுப் போகச் சொல்லி, வலுக்குறைந்த அணிக்குப் பெரும் தொகையை முன்கூட்டியே உறுதியளிப்பது வழக்கம். பெரியவருக்கு எளிய வெற்றியும் அரங்கு நிறைந்த வசூலும் கிடைக்க, சிறியவருக்கு ஆண்டுச் செலவின் ஒரு பகுதி தேறிவிடும். 2007 செப்டம்பரில் மிச்சிகன் இவ்வாறு 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணி, எதிர்பார்ப்பை மீறி 34-32 என்ற கணக்கில் வென்று, பணத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது.

இத்தனை வரவு இருந்தும் கணக்கு நேராவதில்லை. பந்தாட்டத்தின் மேல்மட்டப் பிரிவில் ஆடும் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுள் சொந்த வருவாயில் செலவை ஈடுகட்டுபவை சிறுபான்மையே. நாட்டின் மிகப் பணக்காரத் துறைகளுள் ஒன்றான ஒஹையோ ஸ்டேட் 2023-24-இல் சுமார் 3 கோடியே 77 லட்சம் டாலர் பற்றாக்குறையைக் காட்டியது. சிறிய பல்கலைக்கழகங்களில் துண்டு விழும் தொகையை மாணவர்களே சுமக்கிறார்கள். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவரும், அரங்குப் பக்கமே போகாதவர் உட்பட, ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் விளையாட்டுக் கட்டணமாகச் செலுத்துகிறார்.

இப்போது இன்னொரு பங்காளியும் வந்துவிட்டார். 2021 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, அதாவது 170 கோடி ரூபாய்க்கு மேல், தன் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடாக ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் வழங்கப்படும். இவ்வாறு வீரருக்குப் போகும் பணம் பயிற்சியாளரின் ஊதியத்தைக் குறைக்குமா, அல்லது வரவு தராத நீச்சல் அணியையும் டென்னிஸ் அணியையும் கலைக்கச் செய்யுமா என்பதே அங்கு இன்றைய கவலை. அரங்கு நிரப்புபவரிடமிருந்து வந்த பணம், முதலில் அரங்கு நிரப்பும் ஆட்டத்தையே காக்கும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு: கொரோனாக் காலத்தில் வருவாய் குன்றியபோது அயோவா பல்கலைக்கழகம் கைவிடுவதாக அறிவித்தவை நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளே, பந்தாட்ட அணி அன்று.

தாம்பரத்தில் பணம் வரும் வழி

தாம்பரம் வட்டாரத்தில் கதை வேறோர் ஊற்றில் தொடங்குகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837-இல் நகருக்குள் சிறிய பள்ளியாகத் தோன்றி, 1937-இல் தாம்பரத்தின் 365 ஏக்கர் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் கல்லூரி விளையாட்டு என்றால் என்ன என்ற கருத்தைச் சென்னையில் வடித்தவர்களுள் முதன்மையானவர் ஹாரி குரோ பக். 1920-இல் அவர் நிறுவி, பின்னர் நந்தனத்தில் நிலைகொண்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் பயின்றவர்களே தென்னிந்தியக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர்களாகப் பரவினர். மாணவர்கள் ‘பி.டி. சார்’ என்று அழைக்கும் அப்பதவி, வெற்றி தேடித் தரும் பயிற்சியாளருக்கான பதவியாக அன்றி, எல்லா மாணவரையும் மைதானத்தில் இறக்கும் ஆசிரியருக்கான பதவியாகவே உருவானது. அரசு நிதியுதவி பெறும் கல்லூரிகளில் அவருக்கான ஊதியம் அரசு தருவது. விரிவுரையாளர்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதமே அவருக்கும் பொருந்தும்.

மைதானத்துக்கான பணமோ மாணவரிடமிருந்து வருகிறது. சேர்க்கையின்போது நூலகக் கட்டணம், ஆய்வகக் கட்டணம் ஆகியவற்றோடு சிறப்புக் கட்டணம் என்ற தலைப்பில் விளையாட்டுக் கட்டணமும் வசூலிக்கப்படுகிறது. அது சிறு தொகைதான். அதிலும் ஒரு பகுதி, கல்லூரி இணைவு பெற்றுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் போய், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளை நடத்தவும் பல்கலைக்கழக அணியை வெளியூர் அனுப்பவும் பயன்படுகிறது. எஞ்சியதைக் கொண்டும் நிர்வாகம் சேர்த்துத் தருவதைக் கொண்டும் பந்து, வலை, ஜெர்சி, முதலுதவி மருந்து, கோடு போடும் சுண்ணாம்பு, புல் வெட்டும் கூலி அனைத்தையும் சமாளிக்க வேண்டும்.

அச்செலவின் உருவத்தைக் காண ஓர் அணியின் பயணத்தைப் பார்த்தால் போதும். தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டிக்குச் செல்லும் அணிக்கு முதலில் பயிற்சி முகாம் நடக்கும். முகாம் நாட்களில் மாணவருக்கு உணவுப்படி, பிறகு படுக்கை வசதிப் பெட்டியில் ரயில் சீட்டு, போட்டி நடக்கும் ஊரில் விடுதி அறையிலோ வகுப்பறைத் தரையிலோ தங்கல், பயணப்படியும் தினப்படியும், வருகைப் பதிவு குறையாமலிருக்க ‘ஓ.டி.’ என்னும் பணிமேற்சென்ற சலுகைக் கடிதம், பெயர் பொறித்த டிராக் சூட் என்று செலவு வரிசையாக வரும். மண்டலத்தில் முதல் நான்கு இடங்களுக்குள் வரும் அணி அகில இந்தியச் சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டால், வெற்றியைக் கொண்டாடுமுன் இன்னொரு பயணத்திற்கான பணத்தைத் தேட வேண்டிய நெருக்கடி வந்துவிடும். அமெரிக்காவில் வெற்றி வருவாயைப் பெருக்கும்; இங்கே வெற்றி செலவைப் பெருக்கும்.

ஜெர்சியில் உள்ள பெயர்

அதே வட்டாரத்தில் வேறொரு முறையும் இயங்குகிறது. அகில இந்தியப் போட்டிகளை நடத்தும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் விதிப்படி, போட்டியிடும் அலகு பல்கலைக்கழகமே, கல்லூரி அன்று. ஆகவே சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவர் தேசிய அளவில் ஆடும்போது அவர் மார்பில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர்; எஸ்.ஆர்.எம்., வேல்ஸ் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் மாணவர் ஆடும்போது மார்பில் இருப்பது அந்நிறுவனத்தின் சொந்தப் பெயர். முதலாவது வகையில் கல்லூரி செய்த செலவின் புகழ் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பொதுவாகிவிடுகிறது. இரண்டாவதில் அது முழுமையாக நிர்வாகத்தையே சேர்கிறது.

தனியார் நிறுவனங்கள் விளையாட்டில் தாராளமாகச் செலவிடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம். பதக்கம் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்திலும் சேர்க்கைக் கால விளம்பரத் தட்டியிலும் இடம்பெறுகிறது. கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பு பின்பற்றி வந்த அளவுகோலில், மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் என்ற பிரிவின்கீழ், தேசிய, சர்வதேசப் போட்டிகளில் வென்ற பரிசுகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. பதக்கம் எண்ணப்படுவதால் பதக்கம் தரக்கூடியவருக்கே பணம் போகிறது. கோடையில் நடக்கும் தேர்வு முகாம்களில் மாவட்டங்களிலிருந்து வரும் வாலிபால், கபடி, கூடைப்பந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்து, கல்விக் கட்டணமின்றி, விடுதியும் உணவும் இலவசமாகத் தந்து சேர்க்கும் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ இப்படி வளர்ந்தது; எஸ்.ஆர்.எம். வாலிபாலில் நாடறிந்த அணியானதும் இவ்வகைக் கவனக்குவிப்பால்தான். தேசிய அளவிலும் இதே போக்கு தெரிகிறது. பல்கலைக்கழக விளையாட்டின் ஒட்டுமொத்தச் சாதனைக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை நெடுங்காலம் குருநானக் தேவ் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களே வென்றுவந்தன. 2024-ஆம் ஆண்டுக்கான கோப்பை தனியாரான சண்டிகர் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று.

இம்முறையால் பயனில்லை என்று சொல்ல முடியாது. கட்டணம் செலுத்த வழியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பொறியியலோ வணிகவியலோ படித்துப் பட்டம் பெற்றது ஒரு பந்தை நன்றாக அடித்ததால்தான். ஆயினும் கட்டணம் செலுத்தும் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அந்த மைதானம் பெரும்பாலும் பார்க்கும் பொருளாகவே இருந்துவிடுகிறது.

வீரருக்கு எஞ்சுவது

ஆட்டத்தை ஆடுபவருக்கு இங்கே கிடைக்கும் ஊதியம் ஒரு தாளின் வடிவில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியதற்கு விளையாட்டு இயக்குநர் கையொப்பமிட்டுத் தரும் ‘ஃபார்ம் 3’ என்ற சான்றிதழ், மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கான தகுதி ஆவணங்களுள் ஒன்று. ரயில்வே, வருமான வரித்துறை, பொதுத்துறை வங்கி ஆகியவற்றின் அணிகளில் இடம் தேடும் இளைஞர் கோப்பையைவிடப் பத்திரமாகக் காப்பது இந்தத் தாளைத்தான். மாநில அரசு வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் அவர்களுக்கு உண்டு. கல்லூரி தராத பணத்தை அரசும் ஓரளவு தருகிறது: முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் 2023 முதல் கல்லூரி மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு; 2024-இல் மொத்தப் பரிசுத்தொகை 37 கோடி ரூபாய். தேர்வு செய்யப்படும் இளம் வீரருக்குப் பயிற்சி, உணவு, கைச்செலவு அனைத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் என்ற அளவில் கேலோ இந்தியா திட்டம் உதவுகிறது.

பார்வையாளர் எங்கே?

கல்லூரி ஆட்டத்திலிருந்து இங்கும் வருவாய் ஈட்டலாமே என்ற யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. ஆனால் பார்வையாளரின் பணம் இந்நாட்டில் ஏற்கெனவே வேறிடம் போய்விட்டது: ஐ.பி.எல். போட்டிகளின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோனது. தாம்பரத்தின் புறநகர்த் தெருக்களில் கால்பந்துக்காகப் பணம் செலவிடுபவர்கள் பார்ப்பவர்கள் அல்லர், ஆடுபவர்களே: இரவு விளக்கின்கீழ் செயற்கைப் புல்தரையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டு ஆடும் ‘டர்ஃப்’ மைதானங்கள் பெருகியிருப்பது அதற்குச் சான்று. தமிழர் வாழும் நிலத்தில் கல்வி நிறுவனத்தின் ஆட்டம் ஊர்த் திருவிழாவாகக் கூட்டம் சேர்க்கும் அரிய இடம் யாழ்ப்பாணம். அங்கே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்ற கிரிக்கெட் போட்டிக்குப் பழைய மாணவர்கள் கடல் கடந்தும் வந்து சேர்கிறார்கள். நூறாண்டுப் பகையும் பாசமும் இல்லாமல் அத்தகைய கூட்டம் திரளாது.

ஆகவே தாம்பரத்துக் கல்லூரிகளுக்கு அமெரிக்காவிடமிருந்து கற்க வேண்டியது வருவாய் ஈட்டும் வித்தை அன்று, கணக்குக் காட்டும் பழக்கம். அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மைய அரசின் கல்வி உதவியைப் பெறும் இருபாலர் கல்லூரிகள் ஒவ்வொன்றும் எந்த விளையாட்டில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் ஆடினர், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்கிறது. அதை எவரும் பார்க்கலாம். பயிற்சியாளரின் ஊதியத்தைப் பற்றியும் மாணவர் சுமக்கும் கட்டணத்தைப் பற்றியும் அந்நாட்டில் விவாதம் நடப்பதே அந்த எண்கள் வெளியில் இருப்பதால்தான்.

இங்கே அரசு நிதியுதவி பெறும் கல்லூரிகளிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம் என்றாலும், கேட்காமலே தருவது கடினமான செயலன்று. ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டு விழாவிலும் உடற்கல்வி இயக்குநர் ஆண்டறிக்கை வாசிக்கிறார். அதில் வென்ற பதக்கங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, வசூலான கட்டணம் வருவதில்லை. அவ்வறிக்கையில் ஒரு பக்கத்தைக் கூட்டி, விளையாட்டுக் கட்டணமாக வந்த தொகை, பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தியது, தேர்ந்தெடுத்த அணிகளுக்குச் செலவிட்டது, மாணவிகளுக்குச் செலவிட்டது, எந்த அணியிலும் இல்லாத சாதாரண மாணவர் ஆடுவதற்காகச் செலவிட்டது என்று ஐந்து வரிகளை வாசித்தால் போதும். எல்லாரிடமும் வாங்கிய பணம் எல்லாருக்கும் திரும்புகிறதா என்பதை ஐந்தாவது வரியே சொல்லிவிடும். அது வெறுமையாக இருந்தால், அதை நிரப்புமாறு கேட்கும் உரிமை கட்டணம் செலுத்திய ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு.